சன்னலைச் சாத்துங்கள்: பிரான்ஸ் கிராமத்தில் முதல் கோடை

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். பாரிஸை விட்டுத் தென்மேற்கு பிரான்ஸின் லோத் மாவட்டத்துக்கு வந்து, காவோர் பக்கத்தில் ஒரு பழைய கல்வீட்டை வாங்கியிருக்கிறீர்கள். இது முதல் கோடை. ஜூலையில் கும்பகோணத்திலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள். வீட்டில் ஏசி கிடையாது. "40 டிகிரி நமக்கென்ன புதுசா? இதுக்குப் போய் ஒரு நாடே அலறுதே" என்று அப்பா போனில் சிரித்திருக்கிறார். அவரோடு சேர்ந்து சிரிப்பதா, கவலைப்படுவதா என்பது உங்கள் கேள்வி.

எனக்கு ஊர் புதுச்சேரி. பதினேழு வருடமாக இதே மாவட்டத்தில், தனியாக இருக்கும் முதியவர்களின் வீடுகளுக்குப் போய்ச் சமைத்து, குளிக்க வைத்து, மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை செய்கிறேன். ஒரு நாளைக்கு ஐந்தாறு வீடு. வெளியே 39 இருக்கும் நாளில் எந்த வீட்டுக்குள் 25 இருக்கும், எந்த வீட்டுக்குள் 34 இருக்கும் என்பது கதவைத் திறந்ததுமே தெரிந்துவிடும். அந்த வித்தியாசம் பெரும்பாலும் வீட்டில் இருப்பவர் செய்யும் வேலையால் வருவது.

முதல் கோடையில் நான் செய்த தவறைச் சொல்கிறேன், நீங்களும் அதையேதான் செய்வீர்கள். எண்பத்தெட்டு வயதுப் பாட்டி ஒருவர் வீடு. காலை பத்து மணிக்குப் போனால் வீடு முழுக்க இருட்டு. சன்னல்களின் வெளி மரக்கதவுகள் எல்லாம் சாத்தியிருந்தன, கண்ணாடி சன்னலும் சாத்தியிருந்தது. ஐயோ, புழுங்குமே என்று நான் போய் ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டேன். நம் ஊர்ப் புத்தி அது. நாற்காலியில் இருந்த பாட்டி எழுந்து, ஒரு வார்த்தை பேசாமல், நான் திறந்த வரிசையிலேயே எல்லாவற்றையும் சாத்திக்கொண்டு வந்தார். பிறகு என் கையைப் பிடித்துச் சுவரில் வைத்தார். கல் சில்லென்று இருந்தது, மண்பானையைத் தொட்ட மாதிரி.

இந்த ஊர்க் கோடையின் சூட்சுமம் அந்தச் சுவரில்தான் இருக்கிறது. உங்கள் வீட்டுச் சுவர் அரை மீட்டருக்குக் குறையாது, பல வீடுகளில் 60, 70 சென்டிமீட்டர்கூட வரும். வெளிப்பக்கம் பட்ட வெயில் உள்பக்கம் வந்து சேர பத்து, பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்குள் பொழுது சாய்ந்து இரவுக் குளிர் வந்துவிடும். நம் கடலோர ஊர்களில் மே மாத ராத்திரிகூட 28 டிகிரிக்குக் கீழே இறங்க அடம்பிடிக்கும். அங்கே காற்று ஓடினால்தான் பிழைப்பு, அதனால் நம் வீடுகள் திறந்தே இருந்தன. இங்கே பகல் 38 போனாலும் விடியற்காலையில் 19, 20க்கு இறங்கிவிடும். அந்தக் குளிரை இரவெல்லாம் வீட்டுக்குள் விட்டு, பகலில் தப்பவிடாமல் பூட்டி வைக்க வேண்டும். பகலில் சன்னலைத் திறந்தால் வருவது காற்றில்லை, அனல்.

ஆகவே இரண்டு தெர்மாமீட்டர் வாங்குங்கள். ஒன்று வீட்டுக்குள், ஒன்று வடக்குப் பக்கம் நிழலில். வெளியே இருப்பது உள்ளே இருப்பதை விடக் குறைந்தால் திறங்கள், தாண்டினால் சாத்துங்கள். வேறு கணக்கே வேண்டாம். ஜூலையில் இரவு பத்து பதினொன்றுக்குத் திறந்து, காலை எட்டு மணிக்குள் சாத்துவதாக இருக்கும். எதிரெதிர் சன்னல்களைத் திறந்தால்தான் காற்று ஊடாடும். மாடியில் ஒன்றைத் திறந்து வைத்தால் சூடு அந்த வழியாக மேலேறிப் போய்விடும். கொசுவலை போட்டுக்கொள்ளுங்கள். எப்போதாவது ஒரு வௌவால் வரும், விளக்கை அணைத்துவிட்டால் தானே போய்விடும், துரத்த வேண்டாம்.

வோலே என்று இவர்கள் சொல்லும் வெளி மரக்கதவுதான் முக்கியம். உள்ளே தொங்கும் திரைச்சீலை இதற்கு ஈடாகாது, கண்ணாடியைத் தாண்டி வந்த வெயில் வந்ததுதான். வெயிலைக் கண்ணாடிக்கு வெளியிலேயே நிறுத்த வேண்டும். முழு இருட்டு உங்கள் அம்மாவுக்கு வாட்டமாக இருந்தால், வடக்குப் பக்கத்து வோலேவை மட்டும் கொக்கி போட்டு ஒரு கை அகலம் விடலாம். புதுச்சேரியில் வெள்ளைக்காரர் தெரு வீடுகளில் பட்டைபட்டையாக மரச்சன்னல் பார்த்திருப்பீர்களே, அதே குடும்பம்தான் இதுவும்.

இந்தக் கல்வீட்டுக்கும் ஒரு பலவீனம் உண்டு: கூரை. ஓட்டுக்கு நேர் கீழே இருக்கும் அறைக்குள் இரவு பத்து மணிக்கும் 33, 34 டிகிரி நிற்கும். அங்கே வேலுக்ஸ் என்னும் கூரைச்சன்னல் வைத்திருந்தால் அது அடுப்பு வாசல் மாதிரி. விருந்தினருக்கு என்று அந்த அறையைத்தான் அழகாகத் தயார் செய்து வைத்திருப்பீர்கள், தெரியும். அப்பா அம்மாவை அங்கே படுக்க வைக்காதீர்கள். கட்டிலைக் கீழே இறக்குங்கள். கூரைச்சன்னலை வெளிப்பக்கமாக, பளபளப்புப் பக்கம் வானத்தைப் பார்க்க, அவசரகால வெள்ளிப் போர்வையால் மூடுங்கள். கெர்சி என்பது இந்த வட்டாரத்தின் பழைய பெயர்; பழைய கெர்சி வீடாக இருந்தால் தரைத்தளத்தில் கல் அறை ஒன்று இருக்கும். அந்தக் காலத்தில் வைன் பீப்பாய்க்கும் ஆட்டுக்கும் ஆனது அது. வெளிப்படிக்கட்டில் ஏறி, பொலே எனப்படும் கூரை போட்ட திண்ணை வழியாக மேல்தளத்துக்குப் போவார்கள், குடும்பம் இருந்தது மேலே. வெயில் உச்சத்தில் அந்தக் கீழறையில் இரண்டு சாய்வு நாற்காலி போட்டால் அதுவே குளுகுளு அறை. ஈரவாடை கொஞ்சம் அடிக்கும், மூட்டுவலிக்காரர்கள் முனகுவார்கள். பரவாயில்லை.

அடுத்தது கடிகாரம். இதில் நம்மவர்கள் எல்லோரும் ஏமாறுகிறார்கள். கும்பகோணத்தில் உச்சிவெயில் என்றால் பன்னிரண்டேகால். கோடைக்கென்று ஒரு மணி நேரம் முன்தள்ளிய கடிகாரத்தில் இங்கே சூரியன் உச்சிக்கு வருவது மதியம் இரண்டு மணிக்கு. அனல் உச்சம் தொடுவது மாலை ஐந்து, ஆறு மணிக்கு. "வெயில் தாழ்ந்துடுச்சு, ஒரு நடை போயிட்டு வரேன்" என்று அப்பா நாலரை மணிக்குச் செருப்பை மாட்டுவார், அதுதான் நாளிலேயே மோசமான நேரம். ஜூலை தொடக்கத்தில் சூரியன் மறைவதே ஒன்பதே முக்கால் வாக்கில்தான். நடை வேண்டுமென்றால் காலை ஏழு மணிக்குச் சந்தைக்குக் கூட்டிப்போங்கள். முலாம்பழம் மணக்கும், கெர்சி முலாம்பழம் ஊர் பெயர் சொல்லி விற்கும் சரக்கு. பன்னிரண்டரைக்குக் கடைகள் சாத்தினால் மூன்று மணிவரை தெருவில் நாய்கூட இருக்காது.

நாய் என்றதும் ஒன்று. வெப்ப அலையை இங்கே கனிக்யூல் என்பார்கள். லத்தீனில் குட்டி நாய் என்று பொருள், சிரியஸ் நட்சத்திரத்துக்கு அந்தப் பெயர். அது விடியலில் சூரியனோடு எழும் நாட்களைத்தான் பழங்காலத்தில் கொடும் வெயில் காலமாகக் கணக்கு வைத்தார்கள். நாம் அக்னி நட்சத்திரம் என்கிறோம், இவர்கள் நாய் நட்சத்திரம் என்கிறார்கள்.

இப்போது அப்பாவின் சிரிப்புக்கு வருகிறேன். இந்த நாடு பயப்படுவதற்குக் காரணம் 2003. அந்த ஆகஸ்டில், முதல் இருபது நாட்களில் மட்டும், வழக்கத்தை விட ஏறத்தாழ 15,000 பேர் கூடுதலாக இறந்தார்கள். பெரும்பாலும் முதியவர்கள். அதிகம் இறந்தது வெயிலுக்குப் பழகிய தெற்கில் இல்லை, பாரிஸ் வட்டாரத்திலும் நடுப்பிரான்ஸிலும். பகலை விட இரவுதான் கொன்றது: இரவும் சூடு தணியாமல் உடம்புக்கு ஓய்வே கிடைக்கவில்லை. ஆகஸ்ட் என்றால் பிள்ளைகள், டாக்டர்கள், அக்கம்பக்கத்தார் எல்லோரும் விடுமுறையில் போய்விடும் மாதம். தகரக் கூரைக்குக் கீழே, மாடியில், தனியாக இருந்தவர்களை எட்டிப் பார்க்க ஆளில்லை. உரிமை கோர யாரும் வராத 57 உடல்களை செப்டம்பரில் பாரிஸுக்கு வெளியே தியே கல்லறையில் புதைத்தார்கள், ஜனாதிபதி ஷிராக் போய் நின்றார். நான் அப்போது பிரான்ஸிலேயே இல்லை. ஆனால் என்னோடு வேலை செய்யும் மூத்தவர்கள் அந்த மாதத்தைப் பற்றிப் பேசும்போது குரல் இறங்கிவிடும்.

அதற்குப் பிறகுதான் ஏற்பாடுகள் எல்லாம் வந்தன. 2004 முதல் மெத்தியோ ஃபிரான்ஸ் என்னும் அரசு வானிலை மையம் வெப்பத்துக்கும் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று மாவட்டவாரியாக எச்சரிக்கை கொடுக்கிறது. நிறம் ஒரு நாள் வெயிலைப் பார்த்து வருவதில்லை. அடுத்தடுத்த மூன்று நாள் பகலையும் இரவையும் சராசரி பார்த்து, அந்தந்த மாவட்டத்துக்கென்று வைத்த அளவோடு ஒப்பிடுவார்கள். பாரிஸுக்குப் பகல் 31, இரவு 21. கும்பகோணத்தில் 31 என்றால் நல்ல நாள். இங்கே எச்சரிக்கை மணி. பழக்கம்தான் வித்தியாசம். சிவப்பு முதன்முதலாக வந்தது 2019 ஜூனில், தெற்கில் நான்கு மாவட்டங்களுக்கு. அந்த 28ஆம் தேதி ஏரோ மாவட்டத்தின் வெரார்க் கிராமத்தில் 46 டிகிரி பதிவானது, இந்த நாட்டில் அதுவரை பார்க்காத அளவு. கும்பகோணத்துக்காரரும் 46க்குச் சிரிக்க மாட்டார்.

இன்னொன்று. உங்கள் அப்பாவின் உடம்பு பழகியிருப்பது புழுக்கத்துக்கு. இங்கே இருப்பது வறட்டு வெக்கை. ஊரில் வியர்வை சட்டையோடு ஒட்டும், "தண்ணி கொண்டா" என்று மனிதர் கேட்பார். இங்கே வியர்வை வந்த சுவடு தெரியாமல் காய்ந்துவிடும். நாள் முழுக்க நீர் போய்க்கொண்டே இருக்கும், தாகம் மட்டும் வராது. வயதானால் தாகம் தெரிவதும் குறைந்துவிடும். போதாக்குறைக்கு எழுபது வயதில் பிபி மாத்திரை இல்லாதவர் யார்? நீர் பிரியும் மாத்திரை போடுபவராக இருந்தால், கோடையில் அளவை மாற்றணுமா என்று கிளம்புவதற்கு முன்பே அங்கிருக்கும் டாக்டரிடம் கேட்டுவரச் சொல்லுங்கள். தானாக நிறுத்தக் கூடாது. இன்சுலின் இருந்தால் ஃபிரிட்ஜில் வையுங்கள், காரில் விட்டுவிட்டுச் சந்தைக்குப் போகாதீர்கள்.

ஆனால் வறட்சியில் ஒரு லாபமும் உண்டு. ஈரம் இங்கே வேலை செய்யும். சென்னையில் ஈரத்துணி தொங்கவிட்டால் அறை இன்னும் புழுங்கும். இங்கே அது நிஜமாகவே குளிரும், காற்றிலிருந்த சூட்டை எடுத்துக்கொண்டு அரை மணியில் காய்ந்துபோகும். நான் சொன்ன அந்தப் பாட்டி வீட்டில் மாலை நான்கு மணிக்கு ஒரு சடங்கு: துண்டை நனைத்துப் பிழிந்து, தோளில் ஒன்று, கால்மேல் ஒன்று, எதிரே ஃபேன். வெறும் ஃபேன் அறைக்குள் 35 தாண்டினால் அனலைத்தான் வீசும், தோல் ஈரமாக இருந்தால்தான் பயன். செம்பில் தண்ணீர் எடுத்து முன்கையில் தெளித்துக்கொள்வது போதும். ஃபேனை மே மாதமே வாங்கிவிடுங்கள். ஆரஞ்சு எச்சரிக்கை வந்த அன்று மாலை காவோரைச் சுற்றி எந்தக் கடையிலும் இருக்காது.

ஏசி வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். சக்கரம் வைத்து, சன்னல் வழியாகக் குழாய் விடும் ரகத்தை வாங்காதீர்கள். அது அறைக் காற்றை வெளியே தள்ளும்போது, அந்த இடத்தை நிரப்ப வெளி அனல் கதவிடுக்கு வழியாக உள்ளே வரும். இரைச்சலும் தாங்காது. சுவரில் மாட்டும் ரகம் நன்றாக வேலை செய்யும். ஆனால் பக்கத்தில் பாதுகாக்கப்பட்ட தேவாலயமோ கோட்டையோ இருந்தால், வெளிப்பெட்டியை முகப்பில் வைக்க அனுமதி வாங்க வேண்டியிருக்கும், இந்த மாவட்டத்தில் அப்படி எதுவும் இல்லாத ஊர் குறைவு. என் கருத்து: முதல் வருடம் வோலேவை ஒழுங்காக மூடித் திறந்து பாருங்கள். தாங்கவில்லை என்றால் அப்பா அம்மா படுக்கும் ஒரே ஒரு அறைக்கு மட்டும் போடுங்கள்.

சமையல் பற்றி அம்மாவிடம் நீங்கள்தான் பேச வேண்டும், நான் சொன்னால் கேட்கமாட்டார்கள். மதியம் பதினொன்றுக்கு குக்கர், தாளிப்பு, அப்பளம் என்று ஆரம்பித்தால், இரவெல்லாம் சேர்த்த குளிர் இருபது நிமிடத்தில் காலி. காலை ஆறு மணிக்கே சமைத்து முடித்துவிட்டால் நல்லது, அது அவர்களுக்குப் பழக்கமான நேரம்தானே. மோருக்குச் சாதாரணத் தயிரைக் கரைத்தால் போதும். சூப்பர்மார்க்கெட்டில் பால் அடுக்கில் லே ஃபெர்மாந்தே என்று அட்டைப்பெட்டியில் விற்பதும் கிட்டத்தட்ட நம் மோர்தான், உப்பும் பெருங்காயமும் போட்டால் அப்பா வித்தியாசம் கண்டுபிடிக்கமாட்டார். குழாய்த் தண்ணீரைத் தாராளமாகக் குடிக்கலாம். ஊர் நடுவே அழகாக ஓடும் குழாயில் குடிநீர் அல்ல என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி மேரி, அதாவது ஊர் மேயரின் அலுவலகம். புதுச்சேரிக்காரருக்கு இந்த வார்த்தையை விளக்க வேண்டாம், கடற்கரையில் எங்கள் மேரி கட்டடம் 2014இல் இடிந்து விழுந்ததும் பிறகு அதே மாதிரி திரும்பக் கட்டியதும் ஊருக்கே தெரியும். உங்கள் கிராமத்து மேரியிலும் ஒரு பதிவேடு இருக்கிறது. தனியாக இருக்கும் முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள் பெயர் கொடுத்து வைத்தால், எச்சரிக்கை வரும் நாட்களில் கூப்பிட்டு விசாரிப்பார்கள், பதில் இல்லையென்றால் ஆள் வரும். சின்ன ஊர்களில் மேயரே சைக்கிளில் வந்து கதவைத் தட்டியதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் பெற்றோருக்கு நீங்கள் இருக்கிறீர்கள், தேவைப்படாது. பக்கத்து வீட்டுக் கிழவருக்குத் தேவைப்படலாம். பலர் கௌரவம் பார்த்துப் பெயர் கொடுப்பதில்லை. காலையில் அவர் வீட்டு வோலே சாத்தியிருக்கிறதா, இரவு திறந்திருக்கிறதா என்று ஒரு கண் வையுங்கள். இரவு பதினொன்றுக்கும் திறக்கவில்லை என்றால் போய்த் தட்டுங்கள்.

ஆபத்து அறிகுறி என்ன? தலைவலி, கால் பிடித்து இழுப்பது, வாந்தி இவை முதல் கட்டம். நிழலுக்குக் கொண்டுவந்து, நனைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுத்தால் தேறிவிடுவார்கள். பேச்சு குழறினால், ஆளைத் தெரியாமல் விழித்தால், உடம்பு 40 டிகிரிக்குக் கொதித்தால், தள்ளாடினால், அது வேறு. உடனே 15க்குப் போன் செய்யுங்கள், அவசர மருத்துவ உதவி எண் அது. பிரெஞ்சு வராத பெற்றோருக்கு 112 சுலபமாக நினைவிருக்கும். ஆள் வரும்வரை தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள், மயக்கமாக இருப்பவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். காய்ச்சல் என்று நினைத்து டோலிப்ரான் (பாராசிட்டமால்) கொடுக்கவும் வேண்டாம், வெயில் தாக்கிய சூட்டை அது இறக்காது. கிராமத்து வீடுகளைக் கண்டுபிடிப்பது சிரமம், தீயணைப்பு வீரர்களான பொம்பியேக்களே சுற்றுவார்கள். உங்கள் வீட்டின் முழு முகவரியையும் எந்தச் சாலையில் எந்த இடத்தில் திரும்ப வேண்டும் என்பதையும் பெரிய எழுத்தில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டுங்கள். நீங்கள் வேலைக்குப் போயிருக்கும்போது அம்மாதான் போன் செய்ய வேண்டியிருக்கும்.

தண்ணீரும் தீயும் கிராமத்தின் தனித் தலைவலி. வறட்சி வந்தால் மாவட்ட நிர்வாகம் நான்கு படியாகக் கட்டுப்பாடு போடும். விஜியோ என்ற அரசுத் தளத்தில் முகவரியைத் தட்டினால் இன்று எதற்குத் தடை என்று காட்டும். மேல்படிகளில் கார் கழுவுவது, புல்லுக்கு நீர் விடுவது எல்லாம் நின்றுவிடும், மீறினால் 1,500 யூரோ வரை அபராதம். மழைநீர்த் தொட்டி வைத்தால் தக்காளிக்கு ஆகும். ஆனால் மூடிவையுங்கள், புலிக்கொசு இங்கேயும் வந்துவிட்டது. தீ பற்றிப் பயமுறுத்த விரும்பவில்லை. 2022 ஜூலையில் ஜிரோந்தில் இரண்டு தீ சேர்ந்து 20,000 ஹெக்டேருக்கு மேல் தின்றது, 2025 ஆகஸ்டில் ஓத் மாவட்டத்துக் கோர்பியேர் மலைகளில் சுமார் 16,000 ஹெக்டேர். காய்ந்த புல்மேல் காரை நிறுத்தாதீர்கள், அடியிலிருக்கும் புகைக்குழாயின் சூடு போதும் பற்றிக்கொள்ள. ராத்திரி ஒரு மணிக்கு வயலில் விளக்கோடு இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டால் பயப்படாதீர்கள். கதிரறுக்கும் இயந்திரத்திலிருந்து பொறி பறக்கும் என்று மதிய அறுவடைக்குத் தடை போட்டிருப்பார்கள், அவர்கள் இரவில் அறுக்கிறார்கள். பக்கத்திலேயே தண்ணீர்த் தொட்டி வண்டி நிற்கும்.

ஆற்றில் குளிக்க ஆசைப்படுவீர்கள். கண்காணிப்பு உள்ள இடத்தில் மட்டும் இறங்குங்கள், கொதிக்கிற உடம்போடு திடீரென்று குதிக்காமல் பிடரி, நெஞ்சை முதலில் நனைத்துக்கொண்டு. அணைக்குக் கீழே உள்ள பகுதிகளில் நீர்மட்டம் சொல்லாமல் ஏறும்.

கடைசியாக இடி வரும். அநேகமாக ஒரு மாலையில், கண்மூடித் திறப்பதற்குள், ஆலங்கட்டியோடு. இணையப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கிவிட்டு காரை உள்ளே நிறுத்துங்கள். வெளியே 22க்கு இறங்கியதும் எல்லாம் முடிந்தது என்று தோன்றும். அந்தச் சுவர் மட்டும் ஒரு வாரச் சூட்டைக் குடித்து வைத்திருக்கும், இன்னும் இரண்டு மூன்று நாள் உள்ளே விட்டுக்கொண்டே இருக்கும். தளர்ந்துபோன முதியவர்கள் படுத்துவிடுவது பல சமயம் அந்த நாட்களில்தான். அந்த நாட்களில் பகலிலேயே எல்லாச் சன்னலையும் திறந்துவிடுங்கள், தெர்மாமீட்டர் விதி அதற்கும் அதேதான்.

டிக்கெட் இன்னும் போடவில்லை என்றால் ஒன்று சொல்கிறேன்: செப்டம்பருக்கு மாற்றுங்கள். பகல் 25, இரவுக்கு ஒரு போர்வை, கொல்லையில் அத்திப்பழம் பழுத்துத் தரையில் விழுந்து கிடக்கும். அப்பா நாலரை மணிக்கே நடைக்குக் கிளம்பலாம்.